கொட்டை எழுத்து

துளசிமணிக்கு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் திரை தெரியவில்லை, நின்றால் முழங்கால் குடைந்தது. அதனால் நாற்காலி நுனியில் பாதியும் ஊன்றிய காலில் பாதியுமாக, மஞ்சள் பையை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, டைப் அடிக்கிற பெண்ணின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காஸை மூடினோமா என்று பஸ் ஏறியதிலிருந்து நாலு தடவை நினைத்தாயிற்று. மூடியதாகத்தான் கை சொல்கிறது. ஆனால் கை இன்றைக்கு மூடியதைச் சொல்கிறதா, நேற்று மூடியதைச் சொல்கிறதா என்பதுதான் தெரியவில்லை. அவர் வீட்டில்தான் இருக்கிறார், கால் வீங்கிக் கட்டிலோடு கிடக்கிறார், வாடை வந்தால் எழுந்து பார்க்க மாட்டாரா. மாட்டார். இருபது வருஷம் சாயப்பட்டறையில் நின்ற மூக்கு அது, அதற்கு ஒரு வாடையும் தெரியாது. கால் மட்டும் வீங்காமல் இருந்திருந்தால் ஃபிளெக்ஸ் கடைக்கு அவரே வந்திருப்பார். மகன் சபரி ஓசூரிலிருந்து புதன்கிழமைதான் வருகிறான், மாப்பிள்ளையே வந்து தன் கல்யாண ஃபிளெக்ஸை அடிக்க முடியாது. "நீயே போயிட்டு வா" என்று காலையில் ஒரு தாளை நாலாக மடித்து நீட்டினார். அஞ்சாவதோடு நின்றவளை, பஸ் போர்டைக் கூட எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளை, பெயர் எழுதுகிற காரியத்துக்கு அனுப்புகிறாரே என்று அவளுக்குப் பட்டது, கேட்கவில்லை. பஸ்ஸில் அந்தத் தாளைப் பிரித்துப் பார்த்தாள். அவர் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. மேலிருந்து கீழாகப் பன்னிரண்டு பெயர். ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டிக் கீழே வந்தாள், ஊத்துக்குளி தாண்டி விட்டது. இல்லை. அந்தப் பெயர் இருக்காது என்று தெரிந்துதான் பிரித்தாள், இருந்தும் கடைசிப் பெயர் வரைக்கும் போனாள், அதற்கப்புறம் தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, எந்த எழுத்துல போடறதுன்னு பாருங்க" என்றாள் அந்தப் பெண். நஸ்ரின் என்று பெயர், உள்ளே நுழைந்ததும் அவளே சொன்னாள். முப்பது வயதிருக்கும், முக்காட்டை ஒரு பின்னில் குத்தி நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் தட்டுகிறாள். திரையில் சபரிநாதன் என்ற பெயர் நாலு வேஷத்தில் வந்து நின்றது. முதலாவது சுருள் சுருளாக, கல்யாணப் பத்திரிகையில் வருகிற மாதிரி, எங்கே எழுத்து முடிகிறது எங்கே கொடி ஆரம்பிக்கிறது என்று தெரியாமல். அது தன் பையன் பெயர் என்று அவள் நம்பவில்லை. இரண்டாவது குச்சி குச்சியாக மெலிந்து, ஒரு கோடு கனமாகவும் அடுத்த கோடு நூலாகவும். பேப்பரில் வருகிற எழுத்து அது, கண்ணை இடுக்கினால் நூல் அறுந்துவிடும், ந வேறாகவும் கால் வேறாகவும் விழுந்துவிடும். மூன்றாவது தூரிகையால் இழுத்த மாதிரி சாய்ந்து ஓடியது, சினிமாக்காரன் ஓடுகிற மாதிரி. நாலாவது நின்றது. அவ்வளவுதான், நின்றது. எல்லாக் கோடும் ஒரே கனம். வளைவு என்றால் செம்பை வைத்து வரைந்த வளைவு, மூலை என்றால் செங்கல்லின் மூலை. காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, கையில் ஒன்றும் இல்லாமல், நகை நட்டு இல்லாமல், நான்தான் என்று நின்றது. அவள் கூட்டவே இல்லை. சபரிநாதன் என்று ஒரே மூச்சில் வாயில் வந்தது. "இதுதான் அம்மணி. இதையே போடு." "எனக்குத் தெரியும்க்கா, அண்ணனும் அதத்தான் எழுதியிருக்காரு பாருங்க" என்று நஸ்ரின் தாளின் தலைப்பைக் காட்டிப் படித்தாள். "கொட்டை எழுத்தில் போடவும். பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிய வேண்டும். இதுக்குக் கீழ ரெண்டு கோடு வேற போட்டு வச்சிருக்காரு. உங்க வீட்டுக்காரரு என்ன, போலீஸ்ல இருந்தாரா?" துளசிமணி சிரிக்க வேண்டும் போல இருந்ததால் சிரித்தாள். பஸ்ஸில் போகிறவர்கள் என்றால் அவருடைய பங்காளிகள். அவர் அண்ணன் சென்னியப்பன் மச்சாண்டார் வீட்டு ஆட்கள் தினமும் பெருந்துறைக்குப் பஸ்ஸில்தான் போகிறார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று கோடு போட்டிருப்பார், வேறு யாருக்காகப் போடுகிறார்.

அவளுக்குப் படிப்பு சொல்லிக் கொடுத்ததே இந்த எழுத்துதான். பள்ளிக்கூடம் இல்லை. பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது முடிப்பதற்குள் தம்பி பிறந்துவிட்டான், தொட்டில் ஆட்ட ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அங்கே படித்ததெல்லாம் தொட்டில் ஆட்டத்தில் உதிர்ந்துபோயிற்று. மிச்சம் நின்றது வெளியில் படித்தது. பஸ் நிலையத்தில் பெண்கள் என்று எழுதியிருக்குமே, அந்தப் பெண்கள். கரண்ட் கம்பத்தில் அபாயம். உர மூட்டையில் யூரியா. ஓரத்தில் நிறுத்தாதே. இதையெல்லாம் சுருள் எழுத்தில் எழுதினால் யார் நிற்பார்கள், யார் பயப்படுவார்கள். அவசரத்துக்கு என்று இருக்கிற எழுத்து இது, ஓடி வருகிறவளுக்காக எழுதி வைப்பது. மூத்தவள் வளர்மதிக்கு மூன்று வயதில் காய்ச்சல் கண்டு கண் செருகியபோது, பெரியாஸ்பத்திரியில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இவள் ஓடினாள். பட்டப்பகல், எங்கே பார்த்தாலும் ஜனம், யாரைக் கேட்டாலும் கையை மட்டும் நீட்டுகிறார்கள். அப்போது தாழ்வாரத்துக் கடைசியில் சிவப்பில், ஒரு முழ உயரத்தில் குழந்தைகள் என்று நின்றது. கு, ழ, ந், தை. ழவைக்கூட அவள் அன்றைக்குத் தடுமாறாமல் படித்தாள். தோளில் கிடந்த பிள்ளை அனலாகக் கொதித்தது, கழுத்தில் அதன் எச்சில் ஒழுகியது, அந்தச் சிவப்பு எழுத்து மட்டும் அசையாமல் வா, இங்கே வா என்றது. ஒரு எழுத்து கூப்பிட்டு அவள் போனது அதுதான் முதல் தடவை. இன்னொரு தடவை ஒரு எழுத்து போ என்றது. அதை நினைக்க வேண்டாம். நஸ்ரினின் கையைப் பார்க்கலாம். மருதாணி நகத்தில் மட்டும் பாதி மிஞ்சியிருக்கிறது.

திரையில் இப்போது பெரிதாகப் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் வந்துவிட்டன, நடுவில் போட்டோவுக்கு இடம் விட்டு. கீழே இரண்டு வரிசையில் வரிசைக்கு ஆறு கட்டம். அதற்கு மேல் அன்புடன் வரவேற்கும் என்று எழுதினாள். பெண் பெயரில் இருந்த ள ஒன்றை நஸ்ரின் பெரிதாக்கினாள், ஏதோ ஓரம் சரியில்லை போலிருக்கிறது, அந்த ள திரை முழுக்க வந்து நின்றது. வளையல் அகலத்துக்கு ஒரு வட்டம். துளசிமணி தன் இடது கையைப் பார்த்துக்கொண்டாள். கவரிங் வளையல், ஒன்றுதான் மிச்சம், நாலில் மூன்று உடைந்தது, இது நெளிந்தாலும் நின்றுவிட்டது. "அம்மா, வளையலக் கழட்டு." ஒன்பதாவது படிக்கும்போது, பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு, கூடத்தில் மஞ்சள் சார்ட்டை விரித்து நாலு மூலைக்கும் படி, செம்பு, அரிசி டப்பா, தம்பியின் கால் என்று பாரம் வைத்து வளர்மதி கவிழ்ந்து படுத்திருந்தாள். "எதுக்கு?" "வட்டத்துக்கு." வளையலை வைத்து வட்டம், அடிஸ்கேலை வைத்துக் கோடு. நீரின்றி அமையாது என்று என்னமோ ஒரு தலைப்பு. கோட்டுக்குள் கறுப்பு ஸ்கெட்ச்சை அடைத்து அடைத்து விரலெல்லாம் கறுப்பு. "ஏன்டி இப்படித் தடிதடியாப் போடறே, பூவு கொடின்னு அழகாப் போடறதுக்கென்ன?" என்று இவள் கேட்டதற்கு, தலையைத் தூக்காமலேயே சொன்னாள்: "கடைசி பெஞ்சு கிட்ட நிக்கறவங்களுக்கும் தெரியணும்மா. அழகு கிட்டத்துல இருக்கறவங்களுக்கு. இது தூரத்துல இருக்கறவங்களுக்கு." சபரி காலை எடுத்துவிட்டான், சார்ட் சுருண்டு ஸ்கெட்ச் இழுத்துவிட்டது, அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள், அவன் அழுதான், அவளே தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவன் கன்னத்தில் கறுப்பு மீசை வரைந்தாள். வளையலைத் திருப்பித் தரும்போது உள்பக்கமெல்லாம் மை. இரண்டு நாள் மணிக்கட்டில் கறுப்பு வளையம் இருந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். இப்போது நினைத்தால் எதற்குக் கழுவினோம் என்று இருக்கிறது.

நாலு வருஷம் ஆகிறது. நிச்சயத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, பனியன் கம்பெனியில் கூட வேலை பார்த்த பையனோடு போய்விட்டாள். வேற ஆளுங்க என்று ஊர் ஒரே சொல்லில் முடித்தது. அவர் ஒன்றும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இனிமேல் அந்தப் பேரு இந்த வீட்டுல கேக்கப்படாது என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார், சொம்பைக் கவிழ்த்து வைத்தார். பதினைந்தாம் நாள் மத்தியானம் போன் வந்தது. அவர் பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், இவள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். எடுத்தாள். "அம்மா" என்றது. ஒரே ஒரு அம்மா. அவர் கை சோற்றில் நின்றுவிட்டது. துளசிமணி என்ன சொன்னாள்? ராங் நம்பருங்க என்றாள். ங்க போட்டுச் சொன்னாள், பெற்ற மகளுக்கு ங்க. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. நல்ல வேளையாகச் சமாளித்தோம் என்று அந்த நிமிஷம் நினைத்தாள், அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை, சமாளித்தோம் என்று நினைத்ததை. மறு வாரம் திருட்டுத்தனமாக அந்த நம்பருக்கு அடித்தபோது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொன்னாள், தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை. அப்புறம் ஒரு நாள் கம்பெனி வாசலுக்கே போனாள், சந்தைக்கு என்று சொல்லிவிட்டு. கேட்டில் ஆளுயரத்துக்கு நின்றது: அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது. அதே எழுத்து. அதே வட்டம், அதே கனம். வாட்ச்மேன் கூட இல்லை, டீ குடிக்கப் போயிருந்தான், கதவு திறந்துதான் கிடந்தது. ஆனால் ராங் நம்பர் என்று சொன்னவளுக்கு எழுதி வைத்த மாதிரி அது இருந்தது. கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

காலை எட்டேகாலுக்குக் கம்பெனி பஸ் இவர்கள் ஊர் வழியாகப் போகும். வெள்ளை பஸ். கல்யாண மண்டபத்துக்கு முன்னால் வேகத்தடை இருப்பதால் அங்கே மெதுவாகும். துளசிமணி தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்வாள். இடது பக்கம், மூன்றாவது ஜன்னல். வேகத்தடையில் முன் சக்கரம் ஏறுவதிலிருந்து புளியமரத்தில் பஸ் மறைகிற வரைக்கும் ஆறு எண்ணலாம். ஒன்று, இரண்டு, அவள் வருவாள். மூன்று, நாலு, கழுத்தில் அடையாள அட்டை, காதில் போன் ஒயர். அஞ்சு, ஆறு. போய்விடும். ஊர் வருவதற்கு முன்பே முகத்தை நேராக வைத்துக்கொள்வாள் போலிருக்கிறது, இவள் பக்கம் திரும்பியதே இல்லை. திரும்பாதது கோபமா, திரும்பினால் தாங்காது என்பதாலா. நாலு வருஷத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். போன மாதம் இரண்டு நாள் வரவில்லை, மூன்றாவது ஜன்னலில் வேறு யாரோ தூங்கிக்கொண்டு போனாள், அந்த இரண்டு நாளும் இவளுக்குச் சோறு இறங்கவில்லை, என்ன உடம்புக்கு, என்ன உடம்புக்கு என்று அடுப்போடு பேசினாள். குடம் நிரம்பி வழியும். தெருக்காரர்கள் துளசிமணிக்குக் காது மந்தம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இந்த ஃபிளெக்ஸை வியாழக்கிழமையே மண்டபத்து மதிலில் கட்டிவிடுவார்கள். வெள்ளி, சனி, இரண்டு காலை அந்த பஸ் அதற்கு முன்னால் மெதுவாகும். தம்பிக்குக் கல்யாணம் என்று அவள் ஃபிளெக்ஸைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். பெரியப்பன் மகள் சுகன்யா பெயரைப் பார்ப்பாள். இணைச்சீர் சுகன்யாதான் செய்கிறாள். மாப்பிள்ளையோடு பிறந்தவள் அவன் பக்கத்தில் நின்று செய்கிற சீர் அது. பிறந்தவள் இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் நிற்கலாம். இல்லாவிட்டால். கன்னத்தில் மீசை வரைந்தவள் இருக்கிறாள், பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறாள், தினமும் ஆறு எண்ணுகிற நேரம் கண்ணெதிரேயே இருக்கிறாள். இந்த எழுத்துக்கு மறைக்கத் தெரியாது. இருப்பதைச் சொல்கிற மாதிரியே இல்லாததையும் சொல்லிவிடும். பன்னிரண்டு பெயரை அவளும் கூட்டாமலேயே படித்துவிடுவாள், கடைசி வரைக்கும் போவாள், பின்பக்கம் திருப்பிப் பார்க்க மட்டும் முடியாது.

பின்பக்கம் என்றதும், வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்குகிற கொட்டகை, அந்த விறகுச் சாளை ஞாபகம் வந்தது. நிச்சயத்துக்கு அடித்த ஃபிளெக்ஸ், கட்டுவதற்கு முன்பே வேலை இல்லாமல் போன ஃபிளெக்ஸ், சுருட்டியபடி ஒரு மாதம் கிடந்தது. கொளுத்திப் போடு என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்கு மனசு வரவில்லை. நல்ல சாமான், மழைக்கு ஆகும் என்று விறகுச் சாளைக்கு மேல் போர்த்திக் கயிறு கட்டினார், ஊருக்குத் தெரியாமல் இருக்க எழுத்துப் பக்கத்தைக் கீழே பார்க்க வைத்து. மேலே பார்த்தால் வெறும் வெள்ளை. உள்ளே குனிந்து நுழைந்து நிமிர்ந்தால், வெயில் மேலிருந்து அடிக்க அடிக்க, மொத்த நிச்சயதார்த்தமும் தலைக்கு மேல் இருக்கும். வெயில் நிறத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டது. அந்த மாப்பிள்ளைப் பையனின் முகம் தேய்ந்து வெளிறிய பப்பாளி மாதிரி ஆகிவிட்டது, ரோஜாப்பூ எல்லாம் காணாமல் போய்விட்டது. கறுப்பு மட்டும் போகவில்லை. வளர்மதி. ஒவ்வொரு எழுத்தும் அவள் கை நீளம். வட்டமும் கோடுமாக வ. ர் மேல் இருக்கிற புள்ளி, ஸ்டிக்கர் பொட்டு மாதிரி முழு வட்டம். இரண்டு விறகு மட்டையைச் சேர்த்து எடுக்க வேண்டிய இடத்தில் இவள் ஒவ்வொன்றாக எடுப்பாள். ஆடும் அங்கேதான் கட்டியிருக்கிறது, ஆட்டுக்குத் தண்ணி வைக்கிற சாக்கும் இருக்கிறது. அந்த வீட்டில் அந்தப் பெயரைக் கேட்கத்தான் கூடாது. ஒரு நாள் சாயங்காலம் இவள் நுழையப் போகும்போது அவர் உள்ளே இருந்தார், கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்து. "என்னங்க இங்க?" "ஆடு கத்துச்சு" என்றார். ஆடு அசை போட்டுக்கொண்டிருந்தது. திருட்டுப் பீடி என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் பீடி வாடை இல்லை. அன்றைக்கே அது உறுத்தியது, உறுத்தியதை விறகோடு அள்ளிக்கொண்டு வந்து அடுப்பில் வைத்துவிட்டாள்.

"அக்கா! எங்க போயிட்டீங்க? பன்னெண்டு பேரும் வந்தாச்சு, சரி பாருங்க" என்றாள் நஸ்ரின். கட்டத்துக்குக் கட்டம் பெயர்கள் வந்து உட்கார்ந்திருந்தன. குழந்தைசாமி. துளசிமணி. சென்னியப்பன். தன் பெயரை இவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததில்லை, ரேஷன் கார்டில் கடுகு மாதிரி இருக்கும். ஒரு நிமிஷம் வெட்கமாக இருந்தது. பிறகு நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது, அவளுக்கு முன்னாடியே நெஞ்சுக்குத் தெரிந்துவிட்ட மாதிரி. "அம்மணி, இன்னொரு பேரு வேணும்." "இன்னொண்ணா?" நஸ்ரின் நாற்காலியைச் சுழற்றித் திரும்பினாள். "இடமே இல்லீங்க்கா. இந்த எழுத்து சம்மணம் போட்டு உக்கார்ற எழுத்து, நெருக்கி உக்காருன்னா உக்காராது. பதிமூணு வேணும்னா எல்லாத்தையும் மெலிசாக்கணும்." ஆக்கிக் காட்டினாள். பெயர்களெல்லாம் பட்டினி கிடந்த மாதிரி ஒடுங்கின, ளவின் வட்டம் நசுங்கி முட்டையாகியது. துளசிமணி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே படித்தாள். ஆறில் சென்னியப்பனைத் தாண்டவில்லை. "வேண்டாஞ்சாமி. பஸ்ஸுல போனாத் தெரியாது." "அப்போ யாரையாவது எடுத்தாத்தான் உண்டு. யார எடுக்கலாம்? இவரு?" "ஐயோ, அவரு மாமா." "இவரு?" "அவரு பெரியவரு." "சரி, இந்த சுகன்யா?" "இணைச்சீர்க்காரிய எப்படி எடுக்கறது?" நஸ்ரின் நெற்றியைத் தேய்த்தாள். "உங்க பக்கத்து ஆளுங்களப் பத்தி எனக்குத் தெரியாதாக்கா. போன வைகாசியில ஒரு சித்தப்பா பேரை விட்டுட்டோம். மனுஷன் கல்யாணத்துக்கு வந்தாரு, மொய் வச்சாரு, சாப்பிடாம நேராப் போயி ஃபிளெக்ஸுல அவங்க அண்ணன் பேரை மட்டும் கதிரருவாளால சதுரமா வெட்டி எடுத்துட்டுப் போயிட்டாரு. அந்த ஓட்டை வழியாக் காத்து வந்துச்சுன்னு எனக்குத்தான் போன் பண்ணித் திட்டுனாங்க." சிரித்துவிட்டு, இவள் சிரிக்காததைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "யாருக்கா அது, பதிமூணாவது?" துளசிமணி உதட்டை நனைத்துக்கொண்டாள். வீட்டில் கேட்கக் கூடாத பெயர். இது வீடு இல்லை. "எம் பொண்ணு."

நஸ்ரின் தாளை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான், தாளில் ஏன் இல்லை என்று தாளே சொல்லிவிட்டது போல. மின்விசிறி தாளின் மூலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. துளசிமணி பன்னிரண்டு கட்டத்தையும் திரும்ப ஒரு சுற்றுப் பார்த்தாள். யாரை எடுத்தாலும் ஒரு வீடு முறைத்துக்கொள்ளும், யாரை எடுத்தாலும் பந்தியில் ஒரு இலை காலியாகும். எடுத்தால் யாரும் சண்டைக்கு வராத பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "என்னோடத எடுத்துடு அம்மணி." "அக்கா, விளையாடாதீங்க. மாப்பிள்ளைக்கு அம்மா பேரு இல்லாமயா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? நல்ல காரியத்துல…" மிச்சத்தை அவள் சொல்லவில்லை. சொல்லாமலே தெரியும். குழந்தைசாமிக்குப் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் பொண்டாட்டி செத்துப்போனவன் என்றுதான் நினைப்பார்கள். மஞ்சளும் குங்குமமுமாக இருக்கிறவளை ஒரு ஃபிளெக்ஸ் கொன்றுவிடும். அது பலித்துவிட்டால்? நாளைக்கே நெஞ்சு வலித்தால், குளியலறையில் வழுக்கினால், பார், அன்றைக்கே பெயரை எடுத்தாள் என்பார்கள். அவர்? அவர் மதிலில் கட்டும்போது பார்ப்பார். கத்தி எடுப்பாரா, கயிற்றை அவிழ்ப்பாரா, பெண் வீட்டார் முன்னால் என்ன சொல்வார். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, சொம்பைக் கவிழ்த்த மாதிரி முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு. அதெல்லாம் நடக்கும், ஒன்று விடாமல் நடக்கும். எழுந்து போய்விடலாமா, தாளில் இருக்கிறபடியே அடி என்று சொல்லிவிட்டு. சொல்லிவிடலாம், ராங் நம்பருங்க என்று சொன்ன வாய்தானே, அதற்குச் சொல்லிப் பழக்கம்தானே. அந்த மூச்சு மறுபடியும் காதுக்குள் கேட்டது. "கல்யாணத்தன்னிக்கு வாசல்ல சந்தனக் கிண்ணத்தோட நாந்தானே நிப்பேன் கண்ணு" என்றாள், தன் குரல் இவ்வளவு நிதானமாக வருவது அவளுக்கே அந்நியமாக இருந்தது. "வர்றவங்க என்னைய நேர்ல பாத்துக்குவாங்க. அவ பேரு மட்டும்தான் எழுத்துல வரணும். அவ தூரத்துல இருக்கறா."

நஸ்ரின் துளசிமணியைத் தொட்டாள், திரையில் இருந்த துளசிமணியை. அது நீலமாக மாறி ஒரு நொடி நின்று காணாமல் போயிற்று. நிஜமாகவே நெஞ்சுக்குள் ஏதோ காலியான மாதிரி இருந்தது, அவள் வளையலைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க." "வளர்மதி." நாலு வருஷமாக வாய்க்குள் உருட்டியதை வெளியில், ஒருத்தி காதில் விழும்படி சொன்னாள். வ வந்தது, ள வந்தது, தன் பெயரில் ள இருந்த அதே இடத்தில். அப்பா பக்கத்தில் வேண்டாம், ஓரத்தில் போடு, கடைசிக் கட்டத்துக்கு நகர்த்து, பஸ் வருகிற பக்கம் அதுதான் என்று இவள் சொல்லச் சொல்ல, நஸ்ரின் மற்ற பெயர்களை ஒவ்வொன்றாக முன்னால் தள்ளி இடம் பண்ணினாள். உள்ளறையில் மெஷின் பெரிய கட்டில் மாதிரி கிடந்தது. வெள்ளைத் துணி மேல் ஏதோ ஒன்று சர், சர் என்று போகவும் வரவும், பெயிண்ட் வாடை மூக்கில் ஏறியது. முதலில் மாவிலைத் தோரணம் வந்தது. பிறகு சபரியின் முடி, நெற்றி, தூக்கம் விழித்த கண். இவள் கண்ணாடிக் கதவில் மூக்கு படும்படி நின்றாள். நினைத்ததை விட மெல்ல வந்தது, ஒரு விரல்கடை, இன்னொரு விரல்கடை. பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும், மை தீர்ந்தால் என்ன ஆகும், கடைசி வரிசைக்கு வரும்போது மட்டும் தீர்ந்தால்.

மேல் வரிசை ஆறு பெயரும் வந்து, கீழ் வரிசை எழுத்துகளின் தலை மட்டும் தெரிய ஆரம்பித்தபோது பைக்குள் போன் அடித்தது. அவர்தான். கண்ணாடியை விட்டு நகராமலே எடுத்தாள். "முடிஞ்சுதா?" "ஓடிட்டிருக்குதுங்க." "எழுத்து கனமா இருக்குதா?" "இருக்குதுங்க." "பஸ்ஸுல இருந்து பாத்தாத் தெரியுமா?" "தெரியுங்க."  அந்தப் பக்கம் ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டது, துணி இல்லை, அதைவிடத் தடிமனாக. காற்று வாங்குகிறபோது சாளை மேல் இருக்கிற ஃபிளெக்ஸ் அப்படித்தான் அடிக்கும், வருஷக்கணக்காகக் கேட்கிற சத்தம். "காஸை மூடினேனாங்க?" என்று இவள் கேட்டாள், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல். "நான் உள்ள இல்ல" என்றார். கட்டிலோடு கிடந்தவர், அந்தக் காலை வைத்துக்கொண்டு. போனுக்கு ரொம்பப் பக்கத்தில் ஆடு ஒரு தடவை கத்தியது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எல்லார் பேரும் வந்துருச்சா?" கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கடைசிக் கட்டத்தில், ளவின் வட்டம் பாதி வரைக்கும் வந்திருந்தது. துளசிமணி அது மூடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். "எல்லார் பேரும் வந்துருச்சுங்க" என்றாள்.